மரமும் ரெசினும் சேர்ந்த கடைசல் பாத்திரம்: சரக்கறிந்து வாங்குவோம், அளவறிந்து பேசி விற்போம்

பரிசுப் பொருள் கடை, ஃபேன்ஸி ஸ்டோர், பாத்திரக் கடை, மரச்சாமான் கடை என்று எங்கே நுழைந்தாலும் ஒரு வகைச் சரக்கு இன்று கண்ணில் படுகிறது. பாதி மரம், பாதி கண்ணாடி போல் பளபளக்கும் பிளாஸ்டிக். கிண்ணம், பூச்சாடி, பழத்தட்டு, மூடியுள்ள சிமிழ், பேனாக் குடுவை என்று பல உருவங்களில் வருகிறது. மரத்தின் நடுவே நீல ஆறு ஓடுவது போலவும், உடைந்த மரத்துண்டுகள் தண்ணீருக்குள் மிதப்பது போலவும் இருக்கும். கலியாணப் பரிசாகவும், கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அன்பளிப்பாகவும் இவை விலை போகின்றன.

இதை வாங்க வருபவர் மூன்று கேள்விகள் கேட்பார். இது அசல் மரமா? இதில் சாப்பிடும் பொருள் வைக்கலாமா? வெடித்துப் போகாதா? இந்த மூன்றுக்கும் கடையில் நிற்கும் நமது ஊழியர் என்ன பதில் சொல்கிறார் என்பதில்தான் அந்த விற்பனையின் லாபமும் நமது கடையின் பெயரும் அடங்கியிருக்கின்றன. சரக்கின் தன்மை தெரியாமல் ஆர்வத்தில் சொல்லிவிடும் ஒரு வார்த்தை, பொருள் திரும்பி வருவதற்கும் சில சமயம் வழக்குக்கும் காரணமாகலாம். ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி ஒரு பாடமாகவே நாம் படித்துக்கொள்வது நல்லது.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்பச் சுருங்கும், விரியும். ரெசின் ஈரத்துக்கு அசையாது. ஆனால் சூட்டுக்கு இளகும். இப்படிக் குணம் மாறுபட்ட இரண்டையும் ஒரே பாத்திரமாகக் கடைந்திருக்கிறார்கள். இந்தச் சரக்கில் வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்திலிருந்தே பிறக்கின்றன.

பழைய உறவுதான்

மரத்தையும் பிசினையும் லேத்தில் ஒன்று சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரத்து மரச்செப்பு, கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மை, ஆந்திராவின் ஏட்டிகொப்பாகா பொம்மை ஆகிய மூன்றுமே கடைசல் மரத்தின் மேல் அரக்கு ஏற்றியவை. சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். சென்னபட்டணாவில் இதற்கு அதிகம் பயன்படுவது நாம் வெட்பாலை என்று சொல்லும் மரம்.

அரக்கு என்பது ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின். ஒரு காலத்தில் கிராமபோன் இசைத்தட்டு முதல் மின்சாதனக் காப்பு வரை அரக்கே பயன்பட்டது. அந்த அரக்குக்கு மாற்று தேடிய ஆராய்ச்சியில்தான் லியோ பேக்லண்ட் 1907-ல் பேக்லைட்டைக் கண்டுபிடித்தார். முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக் அதுவே. எபாக்சி ரெசின் அதற்கும் பின்னால் வந்தது. சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1940-களில் அதை அரால்டைட் என்ற பெயரில் ஒட்டும் பொருளாகக் கொண்டுவந்தது. நமது ஹார்டுவேர் கடைகளில் இரண்டு டியூபாக விற்கும் அந்த அரால்டைட்டின் இனத்தைச் சேர்ந்ததே இன்று பாத்திரத்துக்குள் ஆறாக ஓடும் ரெசினும்.

அரக்குச் சாமானுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். அரக்கு மரத்தின் மேல் மெல்லிய தோல் போல் இருக்கிறது. மரம் சற்று அசைந்தாலும் பாதகமில்லை. ரெசின் பாத்திரத்தில் பிளாஸ்டிக் பகுதி மரத்துக்குச் சமமான கனத்தில், சுவரின் ஒரு பாகமாகவே நிற்கிறது. அதனால்தான் சிக்கலும் பெரிதாகிறது.

எப்படிச் செய்கிறார்கள்?

ரெசின் என்று பொதுவாகச் சொன்னாலும் சந்தைக்கு வருபவை ஒரே வகையல்ல. நான்கு வகைகளைப் பிரித்தறிந்தால் போதும்.

முதல் வகை வார்ப்பு. கணு, முண்டு, பொந்து உள்ள மரத்துண்டுகளை ஓர் அச்சுக்குள் அடுக்கி, எபாக்சி ரெசினையும் ஹார்டனரையும் உரிய விகிதத்தில் கலந்து ஊற்றுவார்கள். அது இறுகிக் கட்டியான பின் லேத்தில் மாட்டிக் கடைந்து கிண்ணமாக்குவார்கள். நல்ல பட்டறைகளில், ஊற்றிய அச்சை அழுத்தக் கலத்துக்குள் வைத்து, சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 பவுண்டு வரை காற்றழுத்தம் கொடுத்து இறுக விடுவார்கள். உள்ளே உள்ள காற்றுக் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். ரெசின் கண்ணாடி போல் தெளிவாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

இரண்டாம் வகை அடைப்பு. முழு மரக் கிண்ணத்தில் இயற்கையாக உள்ள பிளவையும் பொந்தையும் மட்டும் வண்ண ரெசினால் அடைத்துக் கடைவது. ரெசின் குறைவு, மரம் அதிகம். கடைக்கு வருபவற்றில் சிக்கல் குறைந்த வகை இது.

மூன்றாம் வகை அடுக்கு. சிறு மரத்துண்டுகளையும் அக்ரிலிக் தகட்டுப் பட்டைகளையும் வளையம் வளையமாக ஒட்டி, பிறகு கடைவது. கோலம் போட்டது போன்ற ஒழுங்கான வேலைப்பாடு தெரியும். இதில் ஒட்டுப் பசையின் தரமே பாத்திரத்தின் ஆயுள்.

நான்காம் வகை ஊட்டம். மிருதுவான மரத்தை அடுப்பில் நூறு டிகிரிக்கு மேல் வைத்து ஈரம் முழுவதும் போக்கி, மெத்தக்ரிலேட் என்ற மெல்லிய ரெசினில் மூழ்கவைத்து, வெற்றிட எந்திரத்தால் மரத்துக்குள் உள்ள காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். காற்று இருந்த இடத்தில் ரெசின் புகுந்துகொள்ளும். பிறகு சுமார் 90 டிகிரி சூட்டில் இறுக வைப்பார்கள். மரத்துக்குள் பிளாஸ்டிக்கை ஏற்றும் இந்த எண்ணத்தை 1960-களில் அமெரிக்க அணுசக்தி ஆணையம் கதிர்வீச்சு மூலம் தரைப் பலகைகளுக்குச் செய்து பார்த்தது. ஊட்டம் பெற்ற மரம் கனமாகவும் உறுதியாகவும் இருக்கும். ஈரம் மெதுவாகத்தான் ஏறி இறங்கும். அடியோடு நின்றுவிடாது.

வார்ப்புக்கு எபாக்சி மட்டுமல்லாமல் பாலியெஸ்டர் ரெசினும் பயன்படுவதுண்டு. இது விலை மலிவு. இறுகும்போது எபாக்சியைவிட அதிகம் சுருங்கும், மரத்தைப் பிடிக்கும் பலமும் குறைவு. செய்து நாளாகாத பொருளில் ஒரு நெடி இருக்கும். ஃபைபர் கிளாஸ் வேலை நடக்கும் இடத்தில் மூக்கைத் துளைக்கும் நெடியே அது.

மரம் எவ்வளவு அசையும்?

மரம் அசையும் என்று சொன்னால் போதாது. எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நமக்கு உறைக்கும்.

காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் உள்ள இடத்தில் மரத்தை வைத்தால், நாளடைவில் அதன் ஈரம் சுமார் 16 சதவீதத்தில் வந்து நிற்கும். ஈரப்பதம் 50 சதவீதம் உள்ள குளிர்சாதன அறையில் வைத்தால் சுமார் 9 சதவீதத்துக்கு இறங்கும். மழைக்காலத்தில் கடைந்த பாத்திரம் நமது ஏ.சி. ஷோரூமுக்கு வந்தால் அதன் மரத்தில் 7 சதவீத ஈரம் வெளியேறப் போகிறது என்று பொருள்.

அசைவு குறைந்தது என்று பெயர் எடுத்த தேக்கையே எடுத்துக்கொள்வோம். அதன் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், ஈரம் ஒரு சதவீதம் இறங்கினால் அகலம் சுமார் 0.2 சதவீதம் சுருங்கும். 7 சதவீத ஈரம் இறங்கினால் 1.4 சதவீதச் சுருக்கம். 250 மில்லிமீட்டர் அகலத் தட்டில் இது மூன்றரை மில்லிமீட்டர். தேக்குக்கே இந்தக் கணக்கு என்றால், அதைவிட அதிகம் அசையும் மரங்கள் பல உண்டு. வளையத்துக்குக் குறுக்கான திசையில் சுருக்கம் ஏறத்தாழ பாதிதான். மரத்தின் நீளவாக்கில் அநேகமாகச் சுருக்கமே இல்லை.

இப்போது இரண்டு பாத்திரங்களை ஒப்பிடுவோம். முழுக்க மரத்தால் ஆன கிண்ணம் ஒரு திசையில் அதிகமும் மறு திசையில் குறைவும் சுருங்கி, வட்டத்திலிருந்து சற்று நீள்வட்டமாக மாறும். வாங்கியவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். ரெசின் கலந்த கிண்ணத்திலோ, மரம் சுருங்கப் பார்க்கும்; பக்கத்தில் இருக்கும் ரெசின் விடாது. மூன்றரை மில்லிமீட்டர் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஒன்று, மரமும் ரெசினும் சேரும் இணைப்பு வாய் திறக்கும். அல்லது மரத்தில் விரிசல் விழும்.

மறுபுறமும் உண்டு. வறண்ட ராஜஸ்தான் பகுதியில் உலர்ந்த மரத்தில் செய்த பாத்திரம் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களுக்கு வந்தால் மரம் ஈரம் குடித்து வீங்கும். இணைப்பில் கைவைத்துத் தடவினால் மரம் மேடாகவும் ரெசின் பள்ளமாகவும் விரலுக்குத் தட்டுப்படும். நாளடைவில் பாலிஷும் அங்கே உரியும்.

எனவே செய்த ஊரின் காற்றுக்கும் விற்கும் ஊரின் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் சரக்கோடு சேர்த்து வாங்குகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

ரெசினின் பலவீனங்கள்

ஈரத்துக்கு அசையாத ரெசினுக்கு மூன்று பகைவர்கள்: சூடு, வெயில், அரைகுறை வேலை.

சூடு: அறைச் சூட்டில் இறுகும் சாதாரண எபாக்சி பலவும் 50 முதல் 60 டிகிரி சூட்டில் இளகத் தொடங்கிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பாரும், அப்போது ஆற்றிய காபியும் அதற்கு மேல் சூடுள்ளவை. சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள்ளும் அந்தச் சூடு வந்துவிடக்கூடும். இளகிய ரெசினில் மேலே அடுக்கிய பாத்திரத்தின் தடம் பதியும். மெல்லிய தட்டு வளையும்.

வெயில்: எபாக்சி, சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரால் நாளடைவில் மஞ்சளடிக்கும். நிறமற்ற தெளிந்த ரெசினிலும் வெளிர் நீலத்திலும் இது சீக்கிரம் தெரியும். கறுப்பு, அடர் பச்சை நிறங்களில் அவ்வளவாகத் தெரியாது.

அரைகுறை வேலை: ரெசினும் ஹார்டனரும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் அளந்து கலக்கப்பட வேண்டும். அளவு தவறினாலும், சரியாகக் கலக்காவிட்டாலும் எங்காவது ஓரிடம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஒரேயடியாகக் கனமாக ஊற்றினால், இறுகும்போது தானாக எழும் சூடு வெளியேற முடியாமல் உள்ளே குமிழியும் விரிசலும் உண்டாகும். பொறுமையாக அடுக்கடுக்காக ஊற்றி, நாட்கணக்கில் காத்திருந்து கடைய வேண்டிய வேலையை அவசர ஆர்டருக்காக ஓரிரு நாளில் முடித்துக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

பட்டறை விலையைப் பேசும்போது இதை நாம் மனதில் வைக்க வேண்டும். விலையைக் கீழே அழுத்த அழுத்த, ஒரு கட்டத்துக்கு மேல் குறைவது கடைசல்காரரின் லாபம் மட்டுமல்ல. மரம் உலரும் நாளும் ரெசின் இறுகும் நாளும் குறைந்துவிடும். தொழிலாளியின் பாதுகாப்பும் அப்படியே. மரத்தூள் மூச்சில் போவது புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஹார்டனர் தோலில் பட்டால் பலருக்குத் தீராத அரிப்பு வரும். முகமூடி, கையுறை, தூசி உறிஞ்சும் விசிறி உள்ள பட்டறையில் விலை சற்றுக் கூடத்தான் இருக்கும்.

சாப்பிடும் பொருள் வைக்கலாமா?

நமது கடைகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிக கவனத்தோடு பதில் சொல்ல வேண்டியதும் இதற்குத்தான்.

ரெசின் டப்பாவில் உணவுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருந்தால், குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து, குறிப்பிட்ட நாட்கள் முழுவதும் இறுகிய பின்புதான் அது பொருந்தும். பட்டறையில் கலந்த நிறப்பொடி, மினுக்குப் பொடி, மேலே பூசிய பாலிஷ் ஆகியவற்றுக்கு அந்த வாசகம் பொறுப்பேற்காது. இதற்கு மேல், சூடு, எண்ணெய், புளிப்பு ஆகிய மூன்றும் பிளாஸ்டிக்கிலிருந்து பொருட்களை வெளியே இழுக்கக்கூடியவை. ஊறுகாயும் ரசமும் நமது வீட்டுச் சாப்பாட்டில் அன்றாடம் உள்ளவை என்பதை நினைவில் கொள்வோம்.

ஆகவே நல்ல வழி ஒன்றே. தயாரிப்பாளர் இந்தப் பாத்திரத்துக்கென்று எழுத்தில் கொடுத்த சான்று நமது கையில் இருந்தால் அதில் உள்ளதைச் சொல்வோம். இல்லாவிட்டால் இது அலங்காரப் பொருள், தோல் உரிக்காத பழம், காகிதம் சுற்றிய மிட்டாய், தாம்பூலப் பை போன்றவை வைக்கலாம், சமைத்த உணவுக்கு அல்ல என்று தெளிவாகச் சொல்வோம். இப்படிச் சொன்னால் விற்பனை குறையும் என்ற பயம் சிலருக்கு இருக்கலாம். வாங்குபவர்களில் பெரும்பாலோர் அழகுக்காகவே வாங்குகிறார்கள். உண்மையைச் சொன்னதால் போகும் ஒரு விற்பனை, பொய்யால் வரும் ஒரு தகராறைவிடச் சிறியது.

சட்டம் விற்பவரை எங்கே பிடிக்கும்?

பொருளைச் செய்தது யாரோ, நமக்கென்ன என்று இருக்க முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால், செய்யாமல் விற்றவரும் எப்போது பொறுப்பாவார் என்பதை அதன் 86-ஆவது பிரிவு சொல்கிறது. அதில் நமது சரக்குக்கு நேராகப் பொருந்தும் நான்கு நிலைகளைப் பார்ப்போம்.

1. தயாரிப்பாளர் சொல்லாத உத்தரவாதத்தை விற்பவர் தாமாகச் சொல்லி, பொருள் அதற்கு ஏற்ப இல்லாமல் போவது. சூடாக எதை வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று ஊழியர் சொல்வது இதில் சேரும்.

2. செய்தவர் யார் என்றே தெரியாத நிலை. பில் இல்லாமல் வண்டியில் கொண்டுவந்து கொடுப்பவரிடம் வாங்கினால், பொறுப்பு நமது தலையில்தான் விழும்.

3. தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையையும் உபயோகிக்கும் முறையையும் வாங்குபவருக்குத் தராமல் விடுவது. அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பாத்திரத்தை மட்டும் பையில் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும்.

4. பொருளை விற்பவர் மாற்றியமைத்து, தீங்குக்கு அந்த மாற்றமே பெருங்காரணமாக இருப்பது. இணைப்பில் விழுந்த கீறலை உடனடிப் பசையும் மரத்தூளும் வைத்து அடைத்து, மேலே மெழுகு தேய்த்துப் புதுச் சரக்காக அடுக்கி வைப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். அடைத்த கீறல் அடுத்த பருவத்தில் மீண்டும் திறக்கும். அப்போது அது வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும்.

சரக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை

பெரிய கருவிகள் தேவையில்லை. கண், விரல், மூக்கு, தராசு போதும்.

கண்: பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மரமும் ரெசினும் சேரும் கோட்டைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் படலம் போலத் தெரிந்தால் அங்கே பிடிப்பு விட்டிருக்கிறது. மரத்தின் நடுக்குருத்து, அதாவது தண்டின் மையப் புள்ளி, பாத்திரத்துக்குள் இருந்தால் அங்கிருந்து நட்சத்திரம் போல் வெடிப்பு கிளம்பும். அத்தகையதை ஒதுக்கிவிடலாம். மாமரச் சாமான் எளிதில் உளுத்துப்போகும். குண்டூசித் துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் தென்பட்டால் அந்தப் பெட்டியையே தனியே வைத்து, வந்த வழியே திருப்புங்கள். பக்கத்தில் உள்ள மரச்சாமானையும் அது கெடுக்கும்.

விரல்: இணைப்பின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். தட்டுப்படாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். ரெசின் கனமாக உள்ள இடத்தில் நகத்தை அழுத்தினால் தடம் பதியக் கூடாது. வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் நிறம் ஒட்டக் கூடாது.

மூக்கு: மூடியுள்ள சிமிழை ஒரு நாள் மூடி வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். முழுதும் இறுகிய ரெசினில் காரமான நெடி வராது.

தராசு: இது நம்மிடம் ஏற்கனவே உள்ள கருவி. வந்த அன்றே ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இரண்டு பாத்திரத்தை நிறுத்து, எடையை ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டுங்கள். 15 நாள் கடையில் திறந்து வைத்தபின் மீண்டும் நிறுங்கள். உதாரணமாக, ஒரு கிலோ பாத்திரம் 20 கிராம் குறைந்திருக்கிறது, அதில் பாதி எடை ரெசின் என்று வைத்துக்கொள்வோம். ரெசினிலிருந்து எடை குறையாது. எனவே அந்த 20 கிராமும் அரைக் கிலோ மரத்திலிருந்து போன ஈரமே. மரத்தின் ஈரம் சுமார் 4 சதவீதம் இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்கலாம். அந்தச் சரக்கை விற்பனைக்கு வைக்காமல், எடை நிலைக்கும் வரை காத்திருப்பது நல்லது. மொத்த வியாபாரிகள் முள் வைத்த ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால், 10 முதல் 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் காட்டும் மரத்தை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

கொள்முதல் ஆர்டர் எழுதும்போது ஐந்து விவரங்களைக் கேட்டு எழுத்தில் பெற வேண்டும்: என்ன மரம், எப்படி உலர்த்தியது, எந்த வகை ரெசின், மேல்பூச்சு என்ன, விரிசல் விட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள். பருவம் ஒன்று மாறும் வரையிலாவது மாற்றித்தரும் காலம் இருக்கட்டும். கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் தர மறுப்பவரின் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது மலிவல்ல.

அடுக்கும் முறையும் பில் போடும் முறையும்

கண்ணாடி ஷோகேஸில் மேற்கு வெயில் படும் இடத்தில் இதை வைக்க வேண்டாம். சூடேறும் விளக்குக்கு நேர்கீழேயும், ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடையில் துணியோ மெல்லிய ஃபோம் தாளோ வையுங்கள். கிடங்கில் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். துடைப்பதற்கு உலர்ந்த துணி போதும். அரக்குச் சாமானை ஸ்பிரிட், சானிடைசர் கொண்டு துடைத்தால் அரக்கு கரைந்து மங்கிவிடும். ஊழியர்களுக்கு இதைத் தனியே சொல்ல வேண்டும்.

பில் விஷயத்தில், மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த பொருளுக்கு எந்த எச்.எஸ்.என். எண் என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. மர மேஜைப் பாத்திரமும் சமையலறைப் பொருளும் 4419. மர அலங்காரப் பொருள் 4420. பிளாஸ்டிக் மேஜைப் பாத்திரமும் வீட்டுப் பொருளும் 3924. பிற பிளாஸ்டிக் பொருள் 3926. இரண்டும் கலந்திருந்தால், பொருளுக்கு அதன் முக்கியத் தன்மையைத் தருவது எது என்று பார்த்து வகைப்படுத்துவதே வரித் தலைப்புகளின் பொது விதி. மரக் கிண்ணத்தில் ஒரு கோடு ரெசின் என்றால் குழப்பமில்லை. முக்கால் பங்கு ரெசினும் நடுவே இரண்டு மரத்துண்டும் என்றால் நிச்சயம் ஆடிட்டரைக் கேட்க வேண்டும். வரி விகிதம் அவ்வப்போது மாறுவதால், கொள்முதல் பில்லில் உள்ள எண்ணையே கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடாமல், சரக்கைக் காட்டி ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது. அலங்காரப் பொருள் என்று வரி கட்டி, உணவுப் பாத்திரம் என்று விளம்பரம் செய்வதும் பொருந்தாது.

ஊழியருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது

மூன்று கேள்விக்கும் நமது கடையில் யார் நின்றாலும் ஒரே பதில் வர வேண்டும்.

அசல் மரமா என்று கேட்டால்: "மரமும் ரெசினும் சேர்த்துக் கடைஞ்சதுங்க. இந்தப் பகுதி மாமரம், இந்த நீலப் பகுதி ரெசின்." மரத்தின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால், தேக்கு, ஈட்டி என்று பெயர் சூட்டக் கூடாது.

சாப்பாடு வைக்கலாமா என்று கேட்டால்: "அலங்காரத்துக்குங்க. பழம், மிட்டாய் வைக்கலாம். சூடானது, எண்ணெய், புளி வேண்டாம். தண்ணியில ஊறவைக்காம, ஈரத்துணியால துடைச்சு உடனே உலர்ந்த துணியால துடைங்க. மைக்ரோவேவ் அடுப்புல வைக்கவே கூடாது."

வெடிக்குமா என்று கேட்டால்: "மரம் பருவத்துக்குத் தக்கபடி கொஞ்சம் அசையுங்க. வெயில்லயும் ஏ.சி. காத்துக்கு நேராவும் வைக்காதீங்க. இத்தனை நாளுக்குள்ள இணைப்பு விட்டா பில்லோட கொண்டுவாங்க, மாத்தித் தர்றோம்." எத்தனை நாள் என்பது பட்டறைக்காரர் நமக்கு எழுதிக் கொடுத்த நாளுக்குள் இருக்கட்டும்.

இந்தப் பதில்களைத் தமிழில் ஒரு சிறு சீட்டாக அச்சடித்துப் பாத்திரத்தோடு போட்டுக் கொடுத்தால் செலவு அதிகமில்லை. அதோடு, திரும்பி வந்த ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பட்டறை, மரம், வந்த மாதம், விரிசல் விழுந்த இடம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வரவேண்டும். ஒரு வருடம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால், யாரிடம் எந்த மாதத்தில் வாங்கலாம், யாரிடம் எப்போதுமே வாங்கக் கூடாது என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆர்டரை அந்த நோட்டைப் பார்த்து எழுதுவோம்.